வானத்துல வேலி: கன்ட்ரோல்டு ஏர்ஸ்பேஸ் விரிஞ்சா யாருக்கு என்ன ஆகும்?

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தண்டையார்பேட்டைல ஏதாவது ஒரு மொட்டைமாடில ஏறி நின்னு மேல பாருங்க. பக்கத்து மாடி பசங்க விட்ட காத்தாடி ரெண்டு டீல் போட்டுக்கிட்டு நிக்கும். கல்யாண மண்டபத்து வாசல்லருந்து போட்டோகிராபர் ஏத்துன ட்ரோன் அதுக்குக் கொஞ்சம் மேல வண்டு மாதிரி இரைஞ்சுக்கிட்டு இருக்கும். கடலோரமா கோஸ்ட் கார்டு ஹெலிகாப்டர் ஒண்ணு எண்ணூர் பக்கம் போகும். அதுக்கும் ரொம்ப மேல மீனம்பாக்கத்துல எறங்கப் போற விமானம், சத்தம் மட்டும் லேசா வரும். அன்னிக்கு ஸ்ரீஹரிகோட்டால ராக்கெட் விட்டாங்கன்னா வடக்கால ஒரு வெள்ளைக் கோடு வேற. வானம் ஒண்ணுதான், ஆனா அஞ்சுக்கும் வேற வேற ரூலு, பர்மிஷன் குடுக்குறவங்களும் வேற வேற.

நியூஸ்ல இது எதையும் பிரிச்சு சொல்றதில்ல. "வான்வெளி மூடல்", "ட்ரோன் பறக்கத் தடை", "சிவப்பு மண்டலம்", "நோட்டாம்" எல்லாத்தையும் ஒரே மூட்டைல கட்டிடுறாங்க. 2024 அக்டோபர்ல மெரினா ஏர் ஷோவுக்காக சில மணி நேரம் விமானங்கள நிறுத்தி வெச்சதும், விவிஐபி வர்றப்ப ட்ரோனுக்கு போலீஸ் தடை போடுறதும், பரந்தூர்ல புது ஏர்போர்ட் வந்தா அந்தப் பக்கத்து வானத்த மறுபடி பங்கு போட வேண்டி வர்றதும் மூணும் வேற வேற சமாச்சாரம். மூணாவதுதான் கன்ட்ரோல்டு ஏர்ஸ்பேஸ் விரிவாக்கம். அதப் புரிஞ்சுக்க அடிலருந்து வரணும்.

மொதல்ல நாலு வார்த்தை

1. கன்ட்ரோல்டு ஏர்ஸ்பேஸ்: ஏடிசி, அதாவது தரைல உக்காந்து விமானங்களுக்கு வழி சொல்ற கன்ட்ரோலர், பொறுப்பு எடுத்துக்கிற வானம். பூட்டு போட்ட இடம்னு நெனைக்காதீங்க. கேட்டுட்டு வரணும், அவ்ளோதான். ஆனா கேக்கணும்னா ரேடியோ வேணும், டிரான்ஸ்பாண்டர் (நான் இங்க, இந்த உசரத்துல இருக்கேன்னு ராடாருக்கு பதில் சொல்ற பொட்டி) வேணும், பயிற்சி வேணும், கன்ட்ரோலருக்கு நேரமும் இருக்கணும். இதெல்லாம் இல்லாதவனுக்கு அது பூட்டு போட்ட இடம்தான். பிரச்சினையே இங்கதான் ஆரம்பிக்குது.

2. அன்கன்ட்ரோல்டு: யாரையும் கேக்க வேணாம், கண்ணால பாத்து, விலகிப் போய்க்கணும்.

3. கிளாஸ்: உலக விமான அமைப்பான ஐக்காவோ வானத்த ஏ-லருந்து ஜி வரைக்கும் ஏழு வகையா பிரிச்சு வெச்சிருக்கு. ஏ-ல கருவிய நம்பி ஓட்டுற விமானத்துக்கு மட்டும் எடம், கண்ணால பாத்து ஓட்டுறவனுக்கு உள்ளயே விட மாட்டாங்க. டி-ல ரெண்டு பேரும் வரலாம், ஆனா பர்மிஷன் வாங்கணும். ஈ-ல கண்ணால பாத்து ஓட்டுறவன் கேக்காமயே போலாம். ஜி-ங்கறது திறந்த வெளி. அதனால "ஏர்ஸ்பேஸ பெருசு பண்றாங்க"ன்னு நியூஸ் வந்தா எவ்ளோ பெருசுன்னு கேக்கறதுக்கு முன்னாடி எந்த கிளாஸ்னு கேக்கணும்.

4. தடை, கட்டுப்பாடு, ஆபத்து பகுதிகள்: இது தனி ரகம். ராணுவம், அணுமின் நிலையம், ராக்கெட் தளம் மாதிரி எடங்களுக்கு மேல போடுறது. இதுல சிலது நாள் முழுக்க, சிலது நோட்டாம் போட்ட நேரத்துக்கு மட்டும். நோட்டாம்ங்கறது பைலட்டுங்களுக்கு அனுப்புற அவசர அறிவிப்பு.

இந்திய வானத்த நாலு பெரிய எஃப்ஐஆரா பிரிச்சிருக்காங்க, டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை (போலீஸ் எஃப்ஐஆர் இல்ல, விமானத் தகவல் பகுதி). ரூல் போடுறது டிஜிசிஏ (மத்திய அரசோட விமானப் போக்குவரத்து இயக்குநரகம்), கன்ட்ரோலர சம்பளம் குடுத்து உக்கார வெக்கிறது ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி, ஏர்ஃபோர்ஸும் நேவியும் அவங்கவங்க தளத்த சுத்தி தனியா வெச்சிருக்காங்க.

கோபுரத்த தலைகீழா கவுத்தா

ஏர்போர்ட்ட சுத்தி இருக்குற கன்ட்ரோல்டு ஏர்ஸ்பேஸோட வடிவம் கோபுரத்த தலைகீழா கவுத்து வெச்ச மாதிரி. ரன்வேகிட்ட சின்ன வட்டம், அது தரையத் தொடும். மேல போகப் போக அடுக்கடுக்கா விரியும், ஆனா அந்த அடுக்குங்க தரையத் தொடாது.

காரணம் சிம்பிள். விமானம் சுமார் 3 டிகிரி சரிவுல எறங்கும், அதாவது ஒவ்வொரு கடல் மைலுக்கும் (1.85 கிலோமீட்டர்) கிட்டத்தட்ட 300 அடி. அப்ப ரன்வேக்கு 10 கடல் மைல் முன்னாடி, 18-19 கிலோமீட்டர்ல, அது 3,000 அடில இருக்கணும். மீனம்பாக்கத்துலருந்து ராயபுரம் நேர்கோட்டுல ஏறக்குறைய அவ்ளோ தூரம்தான் (ராயபுரம் எறங்குற வழில இல்லங்கறது வேற விஷயம், கணக்குக்கு வெச்சுக்குவோம்). அங்க ஒருத்தர் 400 அடில ட்ரோன் விட்டா நடுவுல 2,600 அடி சும்மா கெடக்குது. அந்த 2,600 அடியவும் கன்ட்ரோல்டுன்னு எழுதி வெச்சா யாருக்கு என்ன பிரயோஜனம்?

அதனால விரிவாக்கத்த சதுர கிலோமீட்டர்ல மட்டும் அளக்கறது தப்பு. அடித்தளம் எந்த உசரத்துல ஆரம்பிக்குதுங்கறதுதான் கீழ இருக்குறவனோட பொழப்ப முடிவு பண்ணுது.

அப்ப எதுக்கு பெருசு பண்றாங்க?

வீம்புக்கு யாரும் பெருசு பண்றதில்ல. விமானம் கூடுது, புது ரன்வே வருது, செயற்கைக்கோள் வழிகாட்டுதல வெச்சு வளைஞ்சு வளைஞ்சு வர்ற புது பாதைங்க வருது, படிப்படியா நின்னு நின்னு எறங்காம ஒரே சீரா எறங்கினா எரிபொருள் மிச்சம், அந்தப் பாதை முழுக்க பாதுகாப்பு வளையத்துக்குள்ள இருக்கணும். இதெல்லாம் ஞாயமான காரணம். ஆனா எல்லாத்தையும் விட பெரிய காரணம் மோதல் பயம்.

இந்தியால அதுக்கு ஒரே ஒரு பேர் போதும், சர்க்கி தாத்ரி. 1996 நவம்பர் 12, ஹரியானா. டெல்லிலருந்து கெளம்பின சவுதி போயிங் 747-ம், டெல்லிக்கு எறங்க வந்த கஜகஸ்தான் ஐஎல்-76-ம் நடு வானத்துல மோதி 349 பேரும் செத்துப் போனாங்க. சவுதி விமானத்த 14,000 அடில நிக்க சொன்னாங்க, கஜகஸ்தான் விமானத்த 15,000-ல நிக்க சொன்னாங்க, ரெண்டாவது விமானம் அந்த உசரத்த விட்டு கீழ எறங்கிடுச்சு. விமானிங்க தப்புன்னுதான் விசாரணைல வந்துச்சு. ஆனா அதுக்குப் பின்னால இன்னொண்ணு இருக்கு: டெல்லிய சுத்தி வானத்துல பெரும்பகுதி ஏர்ஃபோர்ஸ் கைல இருந்ததால, போற விமானத்துக்கும் வர்ற விமானத்துக்கும் ஒரே ஒரு வழிதான் இருந்துச்சு, எதிரும் புதிருமா. உசரத்த ஸ்கிரீன்ல காட்டுற ராடாரும் அப்ப கன்ட்ரோலர் கைல இல்ல. அதுக்கப்புறம்தான் வர்ற வழி வேற, போற வழி வேறன்னு பிரிச்சாங்க, மோதலத் தவிர்க்குற கருவியையும் கட்டாயம் ஆக்குனாங்க.

இந்த விபத்த "கன்ட்ரோல் கம்மியா இருந்துச்சு, அதான் ஆச்சு"ன்னு சொல்றவங்க உண்டு. என் பார்வைல அது பாதிதான். அங்க நடந்தது முழுக்க கன்ட்ரோல்டு வானத்துலதான், ரெண்டு பேரும் கன்ட்ரோலர்கிட்ட பேசிக்கிட்டுதான் இருந்தாங்க. கொறைஞ்சது எடம். ஒருத்தர் நெறைய எடத்த வளைச்சு வெச்சுக்கிட்டா மிச்சம் இருக்குற சந்துல எல்லாரும் நெருக்கிக்கிட்டுப் போகணும், அந்த நெருக்கடிக்கும் ஒரு ஆபத்து இருக்கு.

காசிமேட்டுக்காரங்களுக்கு இது புதுசு இல்ல

இதே பஞ்சாயத்து கடல்ல எப்பவோ நடந்துடுச்சு. லாஞ்சுக்காரங்க, அதாவது விசைப்படகுக்காரங்க, இழுவலைய கரைக்குப் பக்கத்துல இழுத்தா ஃபைபர் போட்டுக்காரன் வலை அறுந்து போகும், கட்டுமரத்துக்காரனுக்குப் பாடே (கெடைக்குற மீனே) இருக்காது. அதனால 1983-ல தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலருந்து 3 கடல் மைல் வரைக்கும் சின்ன போட்டுக்கு, விசைப்படகு அதுக்கு அந்தாண்டன்னு கோடு கிழிச்சுச்சு, அப்புறம் அது 5 கடல் மைல் ஆச்சு. ராமேஸ்வரம் பக்கம் போனா எடத்தோட நாளையும் பங்கு போட்டுக்கிட்டாங்க, வாரத்துல 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு.

கவனிச்சு பாருங்க, கடல்ல கோடு போட்டது சின்னவனக் காப்பாத்த. வானத்துல கோடு போடுறது பெரியவனக் காப்பாத்த, அதாவது 180 பேர் உக்காந்திருக்குற ஜெட்ட. அது தப்புன்னு சொல்ல வரல, 180 உயிருக்கு முன்னாடி ஒரு கல்யாண வீடியோ ஒண்ணுமே இல்ல. ஆனா கோட்டுக்கு இந்தப் பக்கம் யார் தள்ளப்படுறாங்கன்னு யாராவது எழுதி வெக்கணும்ல.

யாருக்கு என்ன போகுது

1. ஏர்லைன்ஸ், பயணிகள்: அவங்களுக்கு வரவுதான். பாதை நேராகும், காத்து நின்னு வட்டம் அடிக்கிறது கொறையும்.

2. ராணுவம்: சென்னைய சுத்தி தாம்பரத்துல ஏர்ஃபோர்ஸ், அரக்கோணத்துல 1992-லருந்து நேவியோட ஐஎன்எஸ் ராஜாளி, கடல் கண்காணிக்குற பி-8ஐ விமானங்க அங்கதான் இருக்கு. சிவில் பக்கம் பெருசானா இவங்க பயிற்சி வானம் சுருங்கும். இவங்களுக்குப் பேரம் பேசற சக்தி உண்டு, அதனால கவலைப்பட வேணாம்.

3. கோஸ்ட் கார்டு, போலீஸ், மீட்பு ஹெலிகாப்டர்: அவசரம்னா முன்னுரிமை கெடைக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கொட்டினப்ப மேலருந்து பாத்தாதான் எதுவரைக்கும் பரவிருக்குன்னு தெரிஞ்சுது. அந்த மாதிரி தாழ்வா பறக்குற வேலைக்கு கீழ் அடுக்கு காலியா இருக்கணும்.

4. ட்ரோன்: கொசு மருந்து அடிக்க மாநகராட்சி கால்வாய் மேல ஓட்டுறது, நெலம் அளக்குறது, மண்டபத்து வீடியோ. பக்கிங்காம் கால்வாய்ல ஆகாயத்தாமரை மூடிக் கெடக்குற எடத்துல மனுஷன் எறங்க முடியாது, ட்ரோன் போகும். தரைலருந்து 100, 200 அடிக்குள்ள முடிஞ்சுடுற வேலை, ஆனா ரூல் மாறினா மொதல்ல நிக்கறது இதுதான்.

5. பயிற்சி விமானம், பலூன், கிளைடர் (இன்ஜின் இல்லாம மெதக்குற விமானம்): நம்ம பக்கம் கம்மி. வெளிநாட்டுல இவங்கதான் சண்டைக்கே போறவங்க.

6. காத்தாடி: சிரிக்காதீங்க. 2025 ஜனவரில புது சட்டம் வர்ற வரைக்கும் இருந்த 1934 விமானச் சட்டத்துல "விமானம்"ங்கற வார்த்தைக்கு இருந்த விளக்கத்துலயே பலூன், கிளைடர் கூட காத்தாடியும் இருந்துச்சு. வியாசர்பாடி பையன் சூத்திரம் கட்டி ஏத்துறது 90 வருஷமா சட்டப்படி விமானமா இருந்துச்சு. (மாஞ்சா தடை இதுல சேராது, அது கழுத்தறுபட்டு உயிர் போறதால வந்தது, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல நைலான் மாஞ்சாவ நாடு முழுக்க தடை பண்ணுச்சு.)

அஞ்சாவது ஆளுங்க சண்டைக்கு நல்ல உதாரணம் இங்கிலாந்துல ஃபார்ன்பரோ. லண்டனுக்குத் தென்மேற்கால பணக்காரங்களோட தனி ஜெட் வந்து போற ஏர்போர்ட் அது. சுத்தி கன்ட்ரோல்டு ஏர்ஸ்பேஸ் வேணும்னு கேட்டாங்க, 2018-ல அனுமதி கெடைச்சுது, 2020 பிப்ரவரில நடைமுறைக்கு வந்துச்சு. பக்கத்துலயே லாஷம்னு பெரிய கிளைடர் கிளப் இருக்கு. அவங்க சொன்னது என்னன்னா, நீங்க எடுத்துக்கிட்ட எடத்துல ஓடுறது கொஞ்சம் ஜெட்டுதான், ஆனா அதச் சுத்திப் போறதுக்காக நாங்க நூத்துக்கணக்கான பேரு ஒரு குறுகலான சந்துல மாட்டிக்கிறோம், ஒரு எடத்துல ஆபத்தக் கொறைச்சு இன்னொரு எடத்துல கூட்டுறீங்கன்னு. கோர்ட்டுக்குப் போனாங்க, 2019-ல தோத்துட்டாங்க. ஆனா அவங்க கேட்ட கேள்வி இருக்கே, ஆபத்து கொறையுதா இல்ல எடம் மாறுதான்னு, அது டெல்லிக்கும் பொருந்தும், பரந்தூருக்கும் பொருந்தும்.

45-லருந்து 12: ஒரே ஒரு நம்பர் மாறினா

எப்பவும் விரியத்தான் செய்யும்னு இல்ல, சுருங்கவும் செய்யும். 2021 ஆகஸ்ட் 25-ம் தேதி வந்த ட்ரோன் விதிகள் அதுக்கு சாட்சி. அதுக்கு முன்னாடி ஏர்போர்ட்டோட எல்லைலருந்து 45 கிலோமீட்டர் வரைக்கும் மஞ்சள் மண்டலம், அதாவது ஏடிசி பர்மிஷன் இல்லாம ட்ரோன் ஏத்தக் கூடாது. புது விதில அது 12 கிலோமீட்டர் ஆச்சு.

வடசென்னைக்கு இது என்ன அர்த்தம்னு பாருங்க. மீனம்பாக்கத்துலருந்து எண்ணூர் சுமார் 30 கிலோமீட்டர், பொன்னேரி சுமார் 40. பழைய கணக்குல ராயபுரம், மணலி, திருவொற்றியூர், எண்ணூர், பொன்னேரி எல்லாமே மஞ்சளுக்குள்ள. பழவேற்காடு போனாத்தான் தப்பிக்கலாம். புது கணக்குல ராயபுரமே வெளில வந்துடுச்சு. தூரம் கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்காதான் கொறைஞ்சுது, ஆனா வட்டத்தோட பரப்பளவு ஆரத்தோட வர்க்கம்ல, அதனால 6,360 சதுர கிலோமீட்டர் 452 ஆச்சு, 14-ல ஒரு பங்கு. விரிக்கும்போதும் இதே கணக்குதான் திருப்பி வேலை செய்யும், "கொஞ்சம்தான் தள்ளிப் போடுறோம்"னு சொல்றப்ப இத ஞாபகம் வெச்சுக்கணும்.

இப்ப இருக்குற ரூலு: பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும் பர்மிஷன் வேணாம். ஏர்போர்ட் எல்லைலருந்து 8-க்கும் 12 கிலோமீட்டருக்கும் நடுவுல 200 அடி வரைக்கும் பச்சை, அதுக்கு மேல மஞ்சள். இங்கதான் அந்த தலைகீழ் கோபுரம் ட்ரோனுக்கும் வந்திருக்கு, பாத்தீங்களா. 8 கிலோமீட்டருக்குள்ள இந்த சலுகை கெடையாது. ராயபுரம் 12-க்கு வெளில வந்துடுச்சேன்னு கண்ண மூடிக்கிட்டு ஏத்தவும் கூடாது, துறைமுகம், கோட்டை, சுத்திகரிப்பு ஆலைன்னு நம்ம பக்கம் முக்கியமான எடங்க வரிசையா இருக்கு, டிஜிட்டல் ஸ்கை மேப்ப (ட்ரோனுக்காக அரசு வெச்சிருக்குற ஆன்லைன் வரைபடம்) அன்னிக்கு அன்னிக்குப் பாக்கணும். போலீஸ் தற்காலிக சிவப்பு மண்டலம் (அரசு பர்மிஷன் இல்லாம ட்ரோன் ஏத்தவே கூடாத எடம்) போடலாம், ஆனா ஒரு தடவைக்கு 96 மணி நேரத்துக்கு மேல போடக் கூடாதுன்னு அதே விதிலயே இருக்கு.

எடத்த விட நேரத்த பங்கு போடுறது

எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச மாடல் ஸ்ரீஹரிகோட்டாதான். காசிமேட்டுலருந்து நேர்கோட்டுல 70 கிலோமீட்டருக்குள்ள ராக்கெட் தளம். 2025 ஜனவரி 29-ல நூறாவது லாஞ்ச் முடிஞ்சுது. ஒவ்வொரு தடவையும் நோட்டாம் வரும், வங்காள விரிகுடா மேல போற பாதைங்கள கொஞ்ச நேரம் திருப்பி விடுவாங்க, பழவேற்காடு மீனவங்களுக்கு அந்தப் பக்கம் கடலுக்குப் போகாதீங்கன்னு சொல்லுவாங்க. ராக்கெட் போனதும் திறந்துடுவாங்க. லாஞ்ச் அன்னிக்குப் பாடு போறது மீனவனுக்கு நஷ்டம்தான், அத மறைக்க வேணாம். ஆனா வருஷம் பூரா மூடி வெச்சா என்ன ஆகும்னு யோசிங்க.

இதையே பெரிய அளவுல செய்றதுக்குப் பேரு ஃபிளெக்ஸிபிள் யூஸ். ராணுவத்துக்கு ஒதுக்குன வானத்த அவங்க பயன்படுத்தாத நேரத்துல சிவில் விமானத்துக்கு விடுறது. 2020 மே மாசம் நிர்மலா சீதாராமன் அறிவிச்சப்ப சொன்ன கணக்கு, இந்திய வானத்துல 60 சதவீதம்தான் தாராளமா கெடைக்குது, தளர்த்தினா வருஷத்துக்கு 1,000 கோடி ரூபாய் மிச்சம்னு. ஏர்லைன்ஸுக்கு இந்த ஏற்பாடு வந்துடுச்சு. கீழ் அடுக்குல இருக்குறவனுக்கு இதே ஞாயம் ஏன் கூடாதுன்னுதான் கேள்வி. ராத்திரி விமானம் கம்மியா வர்ற நேரத்துல ஒரு அடுக்க திறந்து விட்டா என்ன?

பரந்தூர் மேப் வரும்போது

பரந்தூருக்கு 2024-ல எடத்துக்கான அனுமதியும் 2025-ல கொள்கை ரீதியான ஒப்புதலும் கெடைச்சுடுச்சு. ஏகனாபுரம் மக்கள் 2022-லருந்து நெலத்துக்காகப் போராடுறாங்க, அது தரைல நடக்குற சண்டை. அதுக்கு மேல ஆகாசத்துல இன்னொரு பங்கீடு நடந்தாகணும், ஏன்னா மீனம்பாக்கம், தாம்பரம், அரக்கோணம், பரந்தூர்னு நாலும் ஒரே வட்டாரத்துக்குள்ள வருது. வரைபடம் வந்தா பாக்க வேண்டியது இது:

1. ஒவ்வொரு அடுக்கோட அடித்தளம் எத்தன அடில ஆரம்பிக்குது? சும்மா தரைலருந்துன்னு போட்டிருந்தா காரணம் கேக்கணும்.

2. எந்த கிளாஸ்? டி போதுமான எடத்துல ஏ போட்டிருக்காங்களா?

3. 24 மணி நேரமுமா, இல்ல நேரம் குறிச்சிருக்கா?

4. மீனம்பாக்கத்து விமானத்துல ஒரு பகுதி அங்க போனா, இங்க இருக்குற பழைய எல்லைய சுருக்குவாங்களா? குடுத்தத திருப்பி வாங்குற வழக்கம் வானத்துல ரொம்பக் கம்மி.

5. எப்ப சொல்றாங்க? 28 நாளுக்கு ஒரு தடவை உலகம் முழுக்க ஒரே தேதில விமான வரைபடங்கள் மாறும், அந்த சுழற்சில ஏறிட்டா பைலட்டுக்கு அதுதான் ரூலு. 2021 ட்ரோன் விதிய ஜூலைல வரைவா போட்டு ஆகஸ்ட் 5 வரைக்கும் கருத்து கேட்டாங்க, அந்த மாதிரி இதுக்கும் முன்கூட்டியே கேக்குறாங்களான்னு பாக்கணும்.

இதுல மொதல்ல விரல் வெச்சுப் பாக்க வேண்டிய எடம் பரந்தூருக்கும் அரக்கோணத்துக்கும் நடுவுல இருக்குற இடைவெளி. ரெண்டு பெரிய ரன்வே அவ்ளோ பக்கத்துல இருந்தா, வர்ற வழியும் போற வழியும் தனித்தனியா கெடைக்குதா, இல்ல மறுபடியும் ஒரே சந்தான்னு அந்த எடத்துலயே தெரிஞ்சுடும்.